சாமி காத்த காடும் சட்டம் காக்கும் காடும்

வடக்கு எத்தியோப்பியாவின் மேட்டு நிலத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் உழுத வயல்தான். அந்தப் பழுப்புக்கு நடுவே அங்கங்கே வட்டமாகச் சில பச்சைத் திட்டுகள் தெரியும். ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் வட்டமான ஒரு கூரை இருக்கும். அது எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கோயில். சுற்றி இருப்பது அந்தக் கோயிலின் காடு. அந்த வட்டாரத்தின் இயற்கைக் காடுகள் பெரும்பாலும் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டன. மிஞ்சியது கோயிலை ஒட்டி நின்றது மட்டும்தான். பல காடுகள் சில ஹெக்டேர் அளவுதான். ஆனால் அந்த மண்ணின் நாட்டு மரங்களுக்கு விதை வேண்டுமென்றால் இன்றைக்குப் போக வேண்டிய இடம் அதுதான்.

இப்படிப்பட்ட இடங்கள் உலகம் முழுக்க உண்டு. மேகாலயாவில் காசி மக்களின் கோயில்காடுகள், கென்யக் கடற்கரையில் மிஜிகெண்டா மக்களின் காயாக்கள், ராஜஸ்தானில் ஓரண் எனப்படும் கோயில் நிலங்கள், ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை, ஜப்பானில் ஒக்கினோஷிமா என்ற முழுத் தீவு. மலை, குளம், ஊற்று, ஆறு, ஒற்றை மரம் என எதுவும் புனிதமாக இருக்கலாம். தேசியப் பூங்கா என்ற யோசனை 1872இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் தொடங்கியது என்று படித்திருப்போம். ஓர் எல்லையைக் காட்டி “இதற்குள் கை வைக்காதே” என்று சொல்லும் வழக்கம் அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

இவை எப்படித் தப்பின என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் பயம். கிளையை ஒடித்தால் சாமி கண்ணைக் குத்தும், அதனால் யாரும் ஒடிக்கவில்லை. இந்தப் பதில் தவறில்லை, ஆனால் பாதிதான். சாமிக்குப் பயந்தவர்கள் வாழ்ந்த ஊர்களிலேயே எத்தனையோ காடுகள் அழிந்திருக்கின்றன. தப்பிய இடங்களை நெருங்கிப் பார்த்தால் பயத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரியும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற தெளிவான விதி ஒன்று. மீறியவனைக் கூப்பிட்டு விசாரிக்க அதிகாரம் உள்ள ஆள் இன்னொன்று. பழைய முறை தோற்ற இடங்களிலும் சரி, நவீனச் சட்டம் தோற்ற இடங்களிலும் சரி, பெரும்பாலும் முதலில் பறிபோனது அந்த ஆளின் அதிகாரம்தான்.

மிஜிகெண்டாவையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது இனக்குழுக்களின் பொதுப்பெயர் அது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து அவர்கள் காட்டுக்கு நடுவே அரண் அமைத்து ஊர்கள் கட்டி வாழ்ந்தார்கள். அந்த ஊர்கள்தான் காயா. பிறகு மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து விவசாயத்தில் இறங்க, 1940களுக்குள் காயாக்கள் காலியாகிவிட்டன. ஆள் போன பிறகு அந்த இடம் முன்னோர்கள் குடியிருக்கும் இடமாக மதிக்கப்பட்டது. பராமரிப்பு மூத்தோர் சபையின் பொறுப்பு. மரம் வெட்டக்கூடாது, மாடு ஓட்டிக்கொண்டு வரக்கூடாது, வகுத்த பாதையை விட்டு விலகக்கூடாது. மீறினால் கோழியோ ஆடோ அபராதம், கூடவே பரிகாரச் சடங்கு. மனமுருகிய பக்தி என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. விதியும் விசாரணையும் தண்டனையும் உள்ள ஒரு நிர்வாகம் இது.

விதிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மேகாலயாவின் மாஃப்லாங் கோயில்காட்டிலிருந்து ஒரு இலையைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. ராஜஸ்தானின் ஓரண்களில் கோடரிக்குத்தான் தடை. ஆடு மாடு ஒட்டகம் மேயலாம், கேர், பேர் (இலந்தை) போன்ற பழங்களைப் பறிக்கலாம். பாலை நிலத்தில் மேய்ச்சல் இல்லாமல் பிழைப்பு இல்லை என்பதால் அங்கே புனிதம் என்பது பயன்பாட்டைத் தடுக்கவில்லை, அளவோடு நிறுத்தியது. புனிதத் தலம் என்றாலே மனிதக் கால்படாத இடம் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வதால் வரும் சிக்கல்களைப் பிறகு பார்ப்போம்.

இந்தத் துண்டு துண்டான காடுகளால் என்ன பயன் என்ற கேள்வியை அறிவியல் கொஞ்சம் தாமதமாகத்தான் கையில் எடுத்தது. இந்தியாவில் 1970களின் தொடக்கத்தில் மாதவ் காட்கிலும் வி. டி. வர்தக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கோயில்காடுகளை ஆராய்ந்து எழுதியது ஒரு தொடக்கம். சுற்றிலும் வெட்டி முடித்துவிட்ட பிறகும் பழைய காட்டின் மரங்களும் கொடிகளும் இந்தத் திட்டுகளில் உயிரோடு இருந்தன. கேரளத்தில் காவு எனப்படும் ஒரு கோயில்காட்டிலிருந்துதான் குன்ஸ்ட்லேரியா கேரளென்சிஸ் என்ற கொடியினம் அறிவியலுக்கே முதன்முதலாகத் தெரியவந்தது. பழம் தின்னும் பறவைகளும் வௌவால்களும் ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும்போது விதைகளும் போகின்றன. பல கோயில்காடுகள் ஊற்றுக்கண்ணையோ ஓடையின் தலையையோ ஒட்டி இருப்பதால் கீழே உள்ள ஊரின் தண்ணீருக்கும் அவைதான் காவல்.

ஆனால் சின்னக் காட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஓரம் அதிகம், உள்பகுதி குறைவு. ஓரத்தில் வெயிலும் காற்றும் புகும், மண் காயும், களைச்செடிகள் நுழையும். ஒரே இனத்தின் பத்துப் பதினைந்து மரங்கள்தான் இருக்கின்றன என்றால் அவற்றுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து சந்ததி வலுவிழக்கும். பெரிய மரங்கள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துக் காடு நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். கீழே குனிந்து பார்த்தால் ஒரு கன்றுகூட இருக்காது. அப்படிப்பட்ட காட்டில் கிழவர்கள் மட்டுமே குடியிருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவில் நடந்தது இதுதான். அந்த நாட்டின் காட்டுச் சூழலியலாளர் அலெமாயெஹு வாசியே கோயில்காடுகளை ஆராய்ந்தபோது, மரத்தை வெட்டுவதைவிடப் பெரிய தொல்லையாகத் தெரிந்தது கால்நடை. வயலுக்கும் காட்டுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. பக்கத்து நிலத்தில் மேயும் மாடு நேராகக் காட்டுக்குள் நுழைந்து, முளைத்து வரும் கன்றுகளைத் தின்றுவிடும், இல்லை மிதித்துவிடும். மரத்தை வெட்டக்கூடாது என்று திருச்சபைக்கு விதி இருந்தது. மாட்டுக்கு அந்த விதி தெரியாதே! அமெரிக்க மரவிதான ஆராய்ச்சியாளர் மார்கரெட் லோமன் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் குருமாரைக் கூட்டி, காடு வருடத்துக்கு வருடம் ஓரத்திலிருந்து சுருங்குவதைச் செயற்கைக்கோள் படங்களில் காட்டினார்கள். காடு இல்லாத கோயிலை ஆடை இல்லாத உடலாக நினைப்பவர்கள் அவர்கள். படத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

தீர்வு ரொம்ப எளிமையானது. காட்டைச் சுற்றிக் கல் சுவர். கல் எங்கே? பக்கத்து வயல்களில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடந்தது. விவசாயிகள் அதைப் பொறுக்கி அடுக்கினார்கள். வயலும் சுத்தமானது, சுவரும் எழும்பியது. சிமென்ட் இல்லாமல் கல்மேல் கல் வைத்துக் கட்டும் சுவர் என்பதால் கட்டத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். இடிந்தால் திரும்ப அடுக்கவும் அவர்களுக்கே தெரியும். சுவர் எழும்பிய இடங்களில் கன்றுகள் மறுபடி தலைகாட்டின. பணமும் அளவீடும் வெளியிலிருந்து வந்தன. சுவர் எங்கே போக வேண்டும், வாசல் எங்கே, யாருக்கு உள்ளே அனுமதி என்பதையெல்லாம் கோயிலும் ஊரும் முடிவு செய்தன. நவீன முயற்சிகளில் எனக்குப் பிடித்த உதாரணம் இது.

அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கோயிலுக்கும் வருமானம் வேண்டும். சீக்கிரம் வளர்ந்து காசாகும் யூகலிப்டஸைக் காட்டுக்கு உள்ளேயே நட்ட கோயில்களும் உண்டு. மாட்டைச் சுவர் தடுக்கும். உள்ளே இருப்பவர்கள் எடுக்கும் முடிவைத் தடுக்காது.

உள்ளே இருப்பவர்கள் மாறுவதுதான் பழைய முறைக்கு வந்த முதல் சோதனை. கானாவில் போபெங், ஃபியேமா என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். அங்கே மோனா, கொலோபஸ் என்ற இரண்டு வகைக் குரங்குகளும் தெய்வத்தின் பிள்ளைகள். செத்துப்போனால் மனிதருக்குச் செய்வதுபோல அடக்கம் செய்வார்கள். 1970களில் புதிதாக வந்த ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள் அந்த நம்பிக்கையை ஏற்காமல் குரங்குகளைக் கொல்லத் தொடங்கினார்கள். நம்பிக்கை ஒன்றாக இருந்தவரை ஊர்க்கட்டுப்பாடு போதுமாக இருந்தது. நம்பாதவன் வந்து நின்றபோது சாமியின் பெயரால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊர்க்காரர்கள் வனவிலங்குத் துறையிடம் போனார்கள். 1975இல் குரங்குகளைக் கொல்லத் தடை விதித்து உள்ளூர்ச் சட்டம் வந்தது. ஊர் வைத்திருந்த விதியையே அரசு எழுதிக் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். குரங்குகள் இன்றும் அந்த ஊர் வீதிகளில் திரிகின்றன, பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

மதம் மாறினால் காடு போய்விடும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் கூடாது. காசி மலைகளில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்களாகி வெகுகாலம் ஆகிறது. மாஃப்லாங் காடு அப்படியே நிற்கிறது. நம்பிக்கை மாறினாலும் காடு குலத்துக்கும் ஊருக்கும் சொந்தம் என்ற ஏற்பாடும் பொறுப்பும் அங்கே கைவிடப்படவில்லை.

நேர்மாறாக, நம்பிக்கை கொஞ்சமும் குறையாமலே காடு போவதும் உண்டு. கேரளத்தின் பாம்புக் காவுகளைப் பார்க்கலாம். கூட்டுக்குடும்பத் தறவாடுகள் பிரிந்து சொத்து பங்கு போடப்பட்டபோது, வீட்டுக்குப் பின்னால் இருந்த காவும் யாரோ ஒருவர் பங்கில் போய் விழுந்தது. அவருக்கு வீடு கட்ட இடம் வேண்டும், ஆனால் நாகசாபத்துக்கும் பயம். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. காவு மாற்றம் என்று பெயர். உரிய சடங்கைச் செய்து நாகதேவதைகளை மண்ணாறசாலை, பாம்புமேக்காட்டு மனை போன்ற இடங்களுக்கு அழைத்துக் குடியேற்றிவிடுவார்கள். சாமி குத்தம் இல்லாமல் இடம் காலி. அப்புறம் மரத்தை வெட்டத் தடை ஏது? மரபு என்பது எப்போதும் காட்டின் பக்கமே நிற்கும் என்று நினைப்பவர்கள் இந்தச் சடங்கை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை, பக்தி கூடிப்போய் அழிவது. வெட்டவெளியில், மரத்தடியில், உருவமில்லாத கல்லாக இருந்த தெய்வத்துக்கு வசதி வந்த பக்தர்கள் கோயில் கட்டுகிறார்கள். முதலில் கூரை, பிறகு மண்டபம், பிறகு சுற்றுச்சுவர், வண்டி நிறுத்த இடம். கட்டடச் செலவுக்கே காட்டின் மரத்தை விற்ற இடங்களும் உண்டு. தெய்வத்துக்குக் காடே வீடாக இருந்தது. கான்கிரீட் வீடு கிடைத்ததும் காடு தேவையில்லாமல் போய்விட்டது. வெளியிலிருந்து எந்தக் கம்பெனியும் வரவில்லை, யாரும் திருடவில்லை. இதை எந்த வனச்சட்டத்தாலும் லேசில் தடுக்க முடியாது.

சரி, சட்டம் என்ன செய்தது?

2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில், ஜூக்கன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் வெடி வைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வந்துபோன இடம் அது. அங்கே கிடைத்த, 4,000 ஆண்டுகள் பழைய முடியால் பின்னிய ஒரு பட்டையின் மரபணு, இன்று அந்த மண்ணுக்கு உரியவர்களான புட்டு குன்டி குர்ராமா, பினிகுரா மக்களோடு ஒத்துப்போனது. இவ்வளவும் தெரிந்த பிறகும் தகர்ப்பு நடந்தது. அதிர்ச்சியான விஷயம், அது அன்றைய சட்டப்படி செல்லும். மேற்கு ஆஸ்திரேலியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2013இல் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. குகையின் உண்மையான வயதும் அந்த முடிப்பட்டையும் அதற்கு அடுத்த ஆண்டு அகழாய்வில் தெரியவந்தன. புதிய தகவல் வந்தாலும் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்ல அந்த மண்ணுக்கு உரிய மக்களுக்குச் சட்டத்தில் வழி இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியும் இரண்டு உயர் அதிகாரிகளும் பதவி விலகினார்கள். மாநிலம் 2021இல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலையில். விவசாயிகள் உள்ளிட்ட நில உரிமையாளர்களின் எதிர்ப்பால் அதே ஆண்டு இறுதிக்குள் அதைத் திரும்பப் பெற்று, பழைய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தையே சில திருத்தங்களோடு மறுபடி கொண்டுவந்தார்கள்.

அதே நாட்டில் உலுருவின் கதை வேறு. 1985 அக்டோபர் 26 அன்று அந்தப் பாறையின் உரிமை அனங்கு மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேசியப் பூங்காவாக அரசிடம் விட்டார்கள். பூங்காவின் நிர்வாகக் குழுவில் அவர்களுக்குப் பெரும்பான்மை. இருந்தும் பாறைமேல் ஏறுவதை உடனே நிறுத்த முடியவில்லை. “தயவுசெய்து ஏறாதீர்கள்” என்ற வேண்டுகோள் பலகை பல ஆண்டுகள் நின்றது, அதன் பக்கத்திலேயே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகள் ஏறினார்கள். உச்சியில் கழிப்பறை கிடையாது. மழை பெய்தால் மேலே விட்டுவிட்டு வந்ததெல்லாம் அடிவாரத்துச் சுனைகளுக்கு வந்து சேரும். 2017இல் நிர்வாகக் குழு ஒருமனதாகத் தடை முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26 முதல், திரும்பக் கொடுத்த அதே தேதியில், ஏறுவது நின்றது. உரிமைக்கும் அது செல்லுபடியானதற்கும் நடுவே 34 ஆண்டுகள். மெதுவான வேலைதான். ஆனால் முடிவெடுத்தவர்கள் அந்த இடத்துக்கு உரியவர்கள் என்பதால் அது நிலைத்துவிட்டது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சட்டத்தின் பங்கு ஓரளவு தெளிவாகிறது. சுரங்கம், அணை, நெடுஞ்சாலை, நில மாபியா போன்ற வெளித் தாக்குதலை ஊர்க்கட்டுப்பாட்டால் தடுக்க முடியாது. அங்கே சட்டம்தான் வேலி. உள்ளே யார் வரலாம், எதை எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்பதில் சட்டம் மூக்கை நுழைத்தால் பெரும்பாலும் காரியம் கெடுகிறது.

கெட்டதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் குடகு. அங்கே ஊருக்கு ஊர் தேவரகாடு என்ற கோயில்காடு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி அவற்றைப் பட்டியலிட்டுக் காப்புக் காடுகளாக்கியது. 1905இல் வருவாய்த் துறைக்குப் போன பொறுப்பு, 1985இல் மறுபடி வனத்துறைக்கு வந்தது. இந்த எண்பது ஆண்டுகளில் பரப்பு சுமார் 15,500 ஏக்கரிலிருந்து சுமார் 6,300 ஏக்கராகச் சுருங்கியது. பக்கத்துக் காப்பித் தோட்டங்கள் ஒரு வேலிக்கல் ஒரு வேலிக்கல்லாக உள்ளே நகர்ந்தன. கோப்பில் காடு அரசுடையது, வழக்கத்தில் ஊருடையது. அதிகாரம் அரசிடம், காவல் யாரிடமும் இல்லை.

நியூசிலாந்தின் தே உரெவேரா இன்னும் தெளிவான கதை. தூஹோய் மக்களின் தாய்நிலமான அந்தக் காட்டை 1954இல் அவர்களைக் கேட்காமல் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காடு. பாதுகாப்பு நடந்தது, ஆனால் காட்டின் பிள்ளைகள் அங்கே விருந்தாளிகள் ஆனார்கள். 2014இல் வந்த சட்டம் பூங்கா என்ற தகுதியை நீக்கி, அந்தக் காட்டையே சட்டத்தின் பார்வையில் ஒரு நபராக்கியது. அரசுக்கும் சொந்தமில்லை, தூஹோய்க்கும் சொந்தமில்லை. காடு தனக்குத்தானே சொந்தம். அதன் சார்பில் பேசும் குழுவில் தூஹோய் உறுப்பினர்களுக்குப் பெரும்பான்மை. 2017இல் வாங்கனுய் ஆற்றுக்கும் இதே தகுதி கிடைத்தது. ஆற்றை நபராக்குவது கேட்க விசித்திரமாக இருக்கலாம், கம்பெனியை நபராக ஏற்றுக்கொண்ட சட்டத்துக்கு இது பெரிய விஷயமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த நபரின் சார்பில் கையெழுத்துப் போடும் ஆள் யார் என்று சட்டம் பெயர் சொல்லி வைத்ததுதான்.

இந்தியாவில் இதற்கு நெருக்கமாக வந்தது ஒடிசாவின் நியம்கிரி வழக்கு. பாக்சைட் தோண்ட வேதாந்தா நிறுவனம் கேட்ட மலை, டோங்ரியா கோந்த் மக்களுக்கு அவர்களுடைய தெய்வமான நியம்ராஜாவின் இருப்பிடம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்த மலையில் அவர்களுக்கு மத உரிமை இருக்கிறதா, சுரங்கம் அதைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று விட்டது. வன உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை. 12 கிராம சபைகள் கூடின, 12ம் வேண்டாம் என்றன. தெய்வம் இருக்கிறதா என்ற ஆராய்ச்சிக்குள் நீதிமன்றம் போகவில்லை. கேட்க வேண்டியவர்களைக் கேட்டது, பதிலை அரசு மீற முடியாதபடி ஆனது.

புகழ் இன்னொரு வகைத் தலைவலி. யுனெஸ்கோ 1992இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு நியூசிலாந்தின் டோங்காரிரோ மலை அந்த வகையில் இடம்பெற்ற முதல் இடமானது. நைஜீரியாவின் ஓசுன் ஒசொக்போ காடு 2005இல், கென்யக் காயாக்கள் 2008இல், ஒக்கினோஷிமா 2017இல் பட்டியலில் ஏறின. பட்டியல் ஏறினால் பணமும் கவனமும் வரும், கூட்டமும் வரும். ஒக்கினோஷிமாவில் எப்போதும் ஒரே ஒரு பூசாரி முறை வைத்துத் தங்குவார். அங்கிருந்து ஒரு புல்லைக்கூட எடுத்துவரக் கூடாது, அங்கே கண்டதை வெளியே பேசக்கூடாது. ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் சுமார் 200 ஆண்கள் கடலில் முழுகித் தூய்மையாகி இறங்க அனுமதி இருந்தது. பட்டியல் ஏறிய அடுத்த ஆண்டு முதல் கோயில் அந்த அனுமதியையும் நிறுத்திவிட்டது. உலகப் புகழ் வந்தபோது கதவை இறுக்கிச் சாத்தும் அதிகாரம் கோயிலிடம் இருந்தது. அந்த அதிகாரம் இல்லாத இடங்களில் இந்நேரம் நுழைவுச்சீட்டுக் கவுண்டர் வந்திருக்கும்.

ஓசுன் காட்டின் பிரச்சினை வேறு. 75 ஹெக்டேர் காடு பத்திரமாக இருக்கிறது. அதன் உயிரான ஓசுன் ஆறு மேலே எங்கிருந்தோ வருகிறது. அங்கே நடக்கும் தங்கச் சுரங்க வேலையால் சமீப ஆண்டுகளில் ஆறு கலங்கிப் பழுப்பாகிவிட்டது. பக்தர்கள் தீர்த்தமாகக் குடிக்கும் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அரசே எச்சரிக்க வேண்டியதாயிற்று. எல்லைக்கல்லுக்குள் மட்டும் புனிதத்தைக் காப்பது ஆற்றின் விஷயத்தில் செல்லாது.

ஒக்கினோஷிமாவில் பெண்கள் எப்போதுமே அனுமதிக்கப்பட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரபு காப்பாற்றியது என்று பாராட்டும்போது, அதே மரபு யாரை வெளியே நிறுத்தியது என்ற கேள்வியை விழுங்கிவிடுகிறோம். உள்ளே போக யாருக்கு உரிமை, சபையில் யார் உட்காரலாம் என்பதில் பாலினமும் சாதியும் குலமும் பல இடங்களில் புகுந்திருக்கின்றன. மூத்தோர் சபையை அப்படியே அரசாணையில் ஏற்றினால் அந்தப் பாகுபாட்டுக்கும் அரசு முத்திரை விழும். இதற்கு எளிய பதில் என்னிடம் இல்லை. பழைய சபை மாறத்தான் வேண்டும். ஆனால் அதை மாற்றுகிறவர்கள் உள்ளே இருப்பவர்களாக இருந்தால்தான் காடு தங்கும். காயாக்களின் சில பகுதிகளில் நிலைமை எதிர்த் திசையில் கோரமாகப் போயிருக்கிறது. கென்யாவின் கிலிஃபியில் சூனியக்காரர் என்று பட்டம் கட்டி முதியவர்களையே கொல்கிறார்கள். பின்னணியில் நிலத் தகராறு இருப்பதும் உண்டு. காவல்காரருக்கே காவல் இல்லாத ஊரில் காட்டை யார் பார்ப்பது?

இப்போது புதிதாக ஒரு அழுத்தம் சேர்ந்திருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டன. தேசியப் பூங்கா, சரணாலயம் மட்டும் வைத்து அந்த எண்ணை எட்ட முடியாது. அதனால் காப்பகமாக அறிவிக்கப்படாவிட்டாலும் நடைமுறையில் இயற்கை காக்கப்படும் இடங்களையும் கணக்கில் சேர்க்கலாம் என்று, 2018லேயே ஏற்கப்பட்ட ஒரு வகை இப்போது அரசுகளுக்குக் கைகொடுக்கிறது. கோயில்காடுகள் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். நல்லபடியாக நடந்தால் ஊரின் நிர்வாகத்தை மாற்றாமலே அங்கீகாரம் கிடைக்கும். மோசமாக நடந்தால் ஊருக்குத் தெரியாமலே அதன் காடு ஓர் அரசுப் பட்டியலில் ஒரு எண்ணாகிவிடும். எங்கே இருக்கிறது என்பதையே வெளியே சொல்லக்கூடாத தலங்கள் உண்டு. அவற்றின் இருப்பிடத்தைக் கணினி வரைபடத்தில் ஏற்றுவதே சிலருக்குத் தீட்டு.

இவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டுவது ராஜஸ்தானில். ஓரண்கள் பலவும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் தரிசு நிலம். பதிவேட்டில் தரிசு என்றால் சூரிய மின் நிலையத்துக்குக் கொடுக்கலாம். ஜெய்சல்மேர் பக்கம் கானமயில் திரியும் புல்வெளிகளுக்கு மேலே மின்கம்பிகள் போவது இப்படித்தான். கனமான உடம்போடு பறக்கும் அந்தப் பறவைக்கு எதிரே வரும் கம்பி சரியாகத் தெரிவதில்லை. அதனால் ஓரண்களைக் காடாக அறிவியுங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. 2024 பிப்ரவரியில் மாநில அரசு அவற்றைக் காடாகக் கருதப்படும் நிலமாக அறிவிக்கப் போவதாகச் சொன்னபோது, ஊர்களிலிருந்தே எதிர்ப்பு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புரியாது. அவர்கள் பயந்தது, வனத்துறை வந்தால் மேய்ச்சல் போய்விடும், கோயிலுக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டிவரும் என்று.

2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு பயத்தையும் ஒரே தீர்ப்பில் தொட்டது. ராஜஸ்தானின் கோயில்காடுகள் ஒவ்வொன்றையும் நேரிலும் செயற்கைக்கோள் மூலமும் அளந்து வரைபடமாக்கச் சொன்னது. அளவு சின்னதாக இருப்பதைக் காரணம் காட்டி எதையும் விட்டுவிடக் கூடாது. மரபாகக் காத்து வந்த சமூகங்களையே காவலர்களாக அங்கீகரித்து, வன உரிமைச் சட்டத்தின் கீழ், ஊரே நிர்வகிக்கும் சமூக வன வளமாகப் பதிய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மேற்பார்வைக் குழு அமைக்கச் சொன்னது. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. இனி நில அளவையர் ஊருக்கு வருவார், எல்லை குறிப்பார். பதிவேட்டில் நிலத்தின் வகை மாறும். அதோடு பராமரிப்பாளர் என்ற இடத்தில் வனத்துறையை எழுதுகிறார்களா, கிராம சபையை எழுதுகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த மழைக்குப் பிறகு அங்கே ஆட்டை ஓட்டிவரும் மேய்ப்பர் காவலராக வருவாரா, அத்துமீறியவராக வருவாரா என்பது முடிவாகும்.